உப்புக் கோட்டையின் படகோட்டி

படிவத்தில் பதினொரு கூறுகள் இருந்தன. முதற்பத்தையும் ஜெசிந்தா தயக்கமின்றி நிரப்பினாள். பதினொன்றாவது வினா அன்று, ஓர் ஒப்புதல். "இங்கே நான் காணப்போகும் காட்சியைப் பற்றி இதுகாறும் என் மனத்தில் இருந்த வடிவம் இனி மீளாது என்பதை அறிந்தே இசைகிறேன்." அதன் கீழே கையொப்பத்திற்காக ஒரு கோடு. கோட்டின்மேல் பேனாவை வைத்தவள், சிறிது நேரம் அப்படியே இருந்துவிட்டு எடுத்துவிட்டாள்.

"என்னக்கா, பேனா எழுதலியா?" என்று கேட்டான் அருகில் அமர்ந்திருந்த தம்பி ரெமிஜியுஸ்.

"பேனா எழுதும். நான்தான் எழுதல."

"பதினோரு மணிக்கு மேல அடுத்த ஆளக் கூப்புட்ருவாங்களாம்."

"கூப்புடட்டும்."

துறைமுகத்தில் கிரேன் இயக்குபவன் அவன்; ஐம்பத்திரண்டு வயதாகியும், காத்திருக்க நேர்ந்தால் இரு கைகளையும் கண்ணுக்குத் தெரியாத இரு நெம்புகோல்களின்மேல் வைத்திருப்பவன்போல் வைத்துக்கொள்வான். இப்போதும் அவ்வாறே வைத்திருந்தான். ஜெசிந்தா அவனைவிட ஐந்தாண்டு மூத்தவள். உப்பு ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் ஈரப்பதம் அளப்பது அவள் பணி.

தூத்துக்குடியில், பழைய துறைமுகச் சாலையில், ஒரு காலத்தில் பஞ்சுப் பொதிகளை அடுக்கிவைத்த பண்டகசாலை அது. இப்போது உள்ளே வெள்ளையடித்துக் குளிரூட்டியிருந்தார்கள். நடுவே சாய்ந்து கிடக்கத் தக்க ஒரு நாற்காலி. அதன் தலைமாட்டில், நெற்றியைச் சுற்றி அணியும் மெல்லிய பட்டை ஒன்று. எதிர்ச்சுவர் முழுவதும் திரை. பழைய கணினி விளையாட்டுகளைப் புதிதாக்கித் தரும் நிறுவனம் ஒன்று, அவற்றைச் சிறு வயதில் ஆடியவர்களுக்காக ஊரூராக இத்தகைய கூடங்களை அமைத்து வந்தது.

கூடத்தின் பொறுப்பாளர் நஸ்ரின் என்னும் காயல்பட்டினத்துப் பெண், இருபத்தாறு வயதிருக்கும். படிவம் முற்றுப்பெறாததைக் கண்டு, அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே அமர்ந்தாள்.

"மறுபடி ஒருதரம் சொல்லிருதேன்மா. நீங்க அப்ப என்ன பாத்தீங்க? பதினாறு கட்டத்துக்குப் பதினாறு கட்டத்துல ஒரு ஆளு. மூக்கு ஒரு புள்ளி, கண்ணு ரெண்டு புள்ளி. ஆனா மனசுல இருக்கது புள்ளி இல்ல, முழு முகம். அந்த முகம் எங்க இருந்து வந்துச்சு? நீங்கதான் போட்டீங்க. இந்தப் பட்டை அதைப் படிச்சு, அப்படியே வரைஞ்சு குடுக்கும். நீங்க அதுக்குள்ள நடந்து போகலாம்."

"அப்ப ஒங்க ஆளுங்க என்னம்மா செஞ்சாங்க?" என்றான் ரெமிஜியுஸ்.

"மனசுல ஒண்ணும் இல்லாத எடத்துல எங்க ஓவியர் வரைஞ்சது வரும் சார். எங்க தமிழ்ப் பேச்சு வரும். மனசுல இருந்தா மெஷின் அதுக்கு வழி விட்டு ஒதுங்கிரும்."

"படிக்கது சரி. எதுக்கு அழிக்கணும்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"நாங்க அழிக்கலம்மா. மங்கலா இருந்ததை ஒருதரம் தெளிவாப் பாத்துட்டா, மனசு தெளிவானதைத்தான் வச்சுக்கும். பழசை விட்ரும். அதான் ஒரு ஆளுக்கு ஒரு தடவை. ரெண்டாந்தரம் வந்தா, மெஷின் தான் வரைஞ்சதைத் தானே படிச்சுக்கிட்டு இருக்கும்."

"வெளிய நின்னு பாக்கவங்களுக்கு?"

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பட்டை போடாட்டி அது வெறும் படம்."

ரெமிஜியுஸ் தன் தமக்கையைப் பார்த்தான். அவன் வெளியே நின்று பார்க்கவே வந்திருந்தான். பார்க்க என்பதைவிடக் கேட்க.

*

நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு, அவர்களுடைய தந்தை மிக்கேல் சரக்குக் கப்பல் ஒன்றின் எஞ்சின் அறையில் பணிபுரிந்தார். ஜப்பானில் ஒரு துறைமுகத்தின் பழம்பொருட் கடையில் வாங்கிய விளையாட்டுப் பெட்டியை விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்தார். அந்தப் பெட்டிக்கும் நம் ஊர்த் தொலைக்காட்சிக்கும் ஒத்துப்போகவில்லை. படம் வந்தது, நிறம் வரவில்லை. எழுத்துகளோ முற்றும் ஜப்பானிய எழுத்துகள். பதினொரு வயது அக்காளுக்கும் ஆறு வயதுத் தம்பிக்கும் அவை இரண்டும் குறையாகத் தோன்றவில்லை. நிறங்களை அவர்களே தீர்மானித்தார்கள். கதையையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

சின்னஞ்சிறு வீரன் ஒருவன் ஊர்விட்டு ஊர் நடப்பான். இடையிடையே விலங்குகள் வழிமறிக்கும். சத்திரத்தில் படுத்தெழுந்தால் காயம் ஆறும். தொலைவில் வெண்மையான குவியல்களுக்கு நடுவே ஒரு கோட்டை. அந்த வெண்மை பனியென்பது பனியைக் கண்டவர்களுக்கே தெரியும். தூத்துக்குடிப் பிள்ளைகள் அறிந்த வெண்குவியல் உப்பு ஒன்றே. ஆகவே அது உப்புக் கோட்டையாயிற்று. வீரன் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவனானான்.

ஆட்டத்தை நிறுத்தும்போது திரையில் இருபது எழுத்துகள் தோன்றும். அவற்றைப் பிழையின்றிக் குறித்துவைத்து மறுநாள் உள்ளிட்டால்தான் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வாசிக்கத் தெரியாத எழுத்துகளை ஜெசிந்தா கணக்கு நோட்டில் படங்களாக வரைந்தாள். ஒவ்வொன்றுக்கும் பெயரும் இட்டாள். ஒன்று தூண்டில், ஒன்று நத்தை, ஒன்று மடக்கிய முழங்கை. சில எழுத்துகளின் தோளில் இரண்டு சிறு கோடுகள் இருக்கும். நீர் சொட்டுவதுபோல் தோன்றியதால் அவை குளித்த எழுத்துகள்: குளிச்ச தூண்டில், குளிச்ச முழங்கை. அவள் சொல்லச் சொல்ல ரெமிஜியுஸ் அம்புக்குறியை நகர்த்தி ஒவ்வொன்றாகத் தெரிவு செய்வான். அகரம் எழுதுமுன் அவன் கற்ற எழுத்துகள் அவையே.

தந்தை கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நாளின் முற்பகலில், வீரன் முதன்முறையாக ஒரு படகுத் துறைக்கு வந்து சேர்ந்தான். அங்கே ஒரு படகோட்டி நின்றான். பொத்தானை அழுத்தியதும் மூன்று வரி எழுத்துகள் தோன்றின.

"அப்பா, இவரு என்ன சொல்லுதாரு?" என்று ரெமிஜியுஸ் கேட்டான்.

வணக்கத்துக்கு அப்பால் ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் அறியாத மிக்கேல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையருகே குனிந்து, வாசிப்பவர்போல் வாசித்தார். அடுக்களையில் அம்மா சாளை மீன் குழம்பை இறக்கிவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். படகோட்டி சொல்வதாக அவர் வாசித்தது: "இன்னைக்குக் கடல்... சரியில்ல மக்கா. போய்ச் சாப்புட்டு வாங்க. படகு எங்கயும் ஓடிப் போவாது."

சாப்பிட்டு முடிக்குமுன் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. ஜெசிந்தா அவசரமாக இருபது எழுத்துகளையும் வரைந்தாள். கடற்காற்றில் படியும் துகள்களால் திரையின் கண்ணாடி எப்போதும் புள்ளிபுள்ளியாக இருக்கும். நாள்தோறும் அதைத் துடைத்துவிட்டே எழுதுவாள். அன்று துடைக்கவில்லை.

மறுநாள் அந்த எழுத்துகள் கதவைத் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் திறக்கவில்லை. ஐந்தாம் வாரத்தில், வழியில் எழுந்த புயலில் கப்பல் மூழ்கிற்று என்று செய்தி வந்தது. ஆண்டு முடியுமுன் பெட்டியும் உப்புக்காற்றில் துருவேறி நின்றுபோயிற்று.

வீட்டில் தந்தையின் நிழற்படங்கள் மூன்று இருந்தன. ஆகவே முகத்தை இருவரும் அறிவர். குரல் எதிலும் பதிவாகியிருக்கவில்லை. அது ஜெசிந்தாவிடம் மட்டும் இருந்தது. முழுமையாக அன்று, அந்தப் படகோட்டி பேசிய மூன்று வாக்கியங்களின் அளவுக்கு. "கடல்" என்றபின் ஒரு சிறு நிறுத்தம் உண்டு. அந்த நிறுத்தத்தில் அவர் மூச்சு இழுக்கும் ஓசைகூட அவளுக்குக் கேட்கும். ரெமிஜியுஸுக்கு ஒன்றுமே நினைவில்லை. தந்தையிடம் தான் கேள்வி கேட்டதுகூட அவள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

இரண்டு வாரங்களுக்கு முன் இந்தக் கூடத்தைப் பற்றி அறிந்து வந்து அவளிடம் கேட்டவன் அவன்தான்.

"ஒனக்கு அது இருக்கு. எனக்கு இல்ல. ஒரே ஒரு தடவ வெளிய எடுத்துக் காட்டேன்க்கா."

"அது என்ன, பீரோவுல இருக்க சேலையா? எடுத்துக் காட்டிட்டு மறுபடி மடிச்சு வைக்க?"

"மடிச்சு மடிச்சு நாப்பத்தாறு வருஷம் வச்சாச்சு. எனக்கும் அவரு அப்பாதான."

அதனால்தான் இன்று வந்திருந்தாள்.

*

"இன்னொண்ணும்மா," என்றாள் நஸ்ரின். "நீங்க அனுப்புன நோட்டுப் பக்கத்துல ஒன்பதாவது எழுத்து தப்பா இருந்துச்சு. அது மேல ரெண்டு சின்னக் கோடு இருக்கணும். எழுத்து சரியான்னு சோதிக்கப் பழைய விளையாட்டுலேயே ஒரு கணக்கு உண்டு. அதை வச்சுத் திருத்திட்டோம். இப்ப துறை திறக்கும்."

ஜெசிந்தா நிமிர்ந்தாள். ஒன்பதாவது, தூண்டில். அது தூண்டில் அன்று, குளித்த தூண்டில். கண்ணாடித் தூசியென்று அவள் விட்டுவிட்ட இரண்டு கோடுகள்.

"கேட்டீங்களாம்மா?" என்று நஸ்ரினிடம் சொன்னான் ரெமிஜியுஸ். "பொட்டி கெட்டுப்போச்சு, பொட்டி கெட்டுப்போச்சுன்னு நாப்பத்தாறு வருஷமா எங்கக்கா சொல்லிட்டுத் திரியுதா. கடைசியில தூண்டிலக் குளிப்பாட்ட மறந்திருக்கா."

"வாய மூடுல."

"ஆறு வயசுப் பயலு பொத்தான மாத்தி அமுக்கிட்டான்னு என்னைய வேற அடிச்ச."

"ரெண்டு அடிதான அடிச்சேன்."

"எண்ணிப் பாத்தவன் நானு."

நஸ்ரின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஜெசிந்தா படிவத்தை இழுத்துக் கையொப்பமிட்டாள். இனியும் தாமதித்தால் இடமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"துறைக்குப் போகுமுன்ன முதல் ஊரைக் கொஞ்சம் பாருங்க," என்று சொன்னபடி பட்டையை அணிவித்தாள் நஸ்ரின். "பழகிரும். வேண்டாம்னு தோணுனா கையைத் தூக்குங்க. நிறுத்திருவேன்."

ஜெசிந்தா கண்ணை மூடினாள். மூடியது போலவே இல்லை. வெயில் வந்தது.

அவள் ஒரு தெருவில் நின்றாள். இருபுறமும் சுண்ணாம்புச் சுவர்கள். அவற்றுக்கு மேலே, ஓலையால் மூடிய உப்புக் குவியல்கள் வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன. காற்றில் உவர்ப்பு இருந்தது. சத்திரத்தின் கதவு, அவள் பதினொரு வயதில் முடிவு செய்த அதே மாம்பழ மஞ்சள். கதவைத் தொட்டபோது மரம் இளஞ்சூடாக இருந்தது. உள்ளே விரித்திருந்த பாயில் எவரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் ஒரு குழிவு. எங்கிருந்தோ அந்தப் பழைய மெட்டு, நான்கே சுரங்கள், மணற்பரப்பில் நீர் ஏறி இறங்குவதுபோல் வந்துவந்து போயிற்று. அவளுடைய நிழல் சிறுமியின் நிழலாக இருந்தது.

"அம்மா, எல்லாருக்கும் இந்த ஊர்ல பனிதான் வரும்," என்று நஸ்ரினின் குரல் எங்கோ வெளியே வியந்தது. "ஒங்களுக்கு மட்டும் இது என்னது?"

"உப்பு," என்றாள் ஜெசிந்தா. அவ்வளவு மகிழ்ச்சியாக அவள் அந்தச் சொல்லை ஒருபோதும் சொன்னதில்லை.

பாயில் அமர்ந்தாள். அமர்ந்த நிலையிலேயே, பழக்கத்தினால், வீட்டுத் தொலைக்காட்சியில் இந்தச் சத்திரம் எப்படி இருந்தது என்று ஒப்பிட முயன்றாள். சாம்பல் நிறக் கட்டங்கள் இருந்தன என்று தெரியும். திரையின் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓயாமல் இறங்கும் என்று தெரியும். தெரிந்ததே தவிர, தோன்றவில்லை. எவ்வளவு முயன்றாலும் மாம்பழ மஞ்சள் கதவும் இளஞ்சூட்டு மரமுமே வந்தன. தம்பி அருகில் சம்மணமிட்டு அமர்ந்திருந்த தரையும் போயிற்று. நேற்றுவரை அந்தத் தரையில் ஓர் ஓடு உடைந்திருந்ததை அவள் மனக்கண்ணில் கண்டுகொண்டிருந்தாள்.

கையைத் தூக்கினாள்.

*

பட்டையைக் கழற்றியதும் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ரெமி, என்னால ஏலாது," என்றாள்.

அவன் அவளுக்குக் கைகொடுத்து எழுப்பினான்.

"நல்லாத்தான்ல இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு. அந்தத் துறைக்குப் போனா அப்பா பேசுவாரு. மெஷின் பேசுத அப்பா. பொறவு நான் கண்ண மூடுனா அதுதான் பேசும். அப்பா எங்க போவாரு?"

"சரிக்கா."

"கோவமா?"

"கோவம் என்ன கோவம். நீ வச்சிருக்கது ஒன்னோடது." சொல்லிவிட்டு அவன் நஸ்ரின் பக்கம் திரும்பினான். "பதினோரு மணிக்கு இன்னும் இருவது நிமிசம் கெடக்கே. நான் போகலாமாம்மா?"

"ஒங்களுக்கு அந்தத் துறை ஞாபகம் இல்லன்னு சொன்னீங்களே சார். இல்லாட்டி எங்க படந்தான் வரும். பனி பெய்யும். படகோட்டி, 'படகு பழுது, நாளை வா'ன்னு சொல்லுவான். மூலத்துல அவ்வளவுதான் எழுதியிருக்கு."

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் அது தெரிய வந்தது. படகு பழுது, நாளை வா. அவள் அதைக் கேட்காததுபோல் இருந்துகொண்டாள்.

"பனியாவது பாத்துட்டு வாரேன்," என்றான் ரெமிஜியுஸ். "நான் எங்க பனியப் பாத்தேன்."

அவன் படிவத்தை ஒரு நிமிடத்தில் நிரப்பினான். பதினொன்றாவது கூற்றில் கையொப்பமிடுகையில் பேனா நிற்கவேயில்லை. இழப்பதற்குத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று நம்புகிறவனின் கையெழுத்து அது.

சுவர்த்திரையில் முதலில் பனி பெய்தது. மெல்லிய, அயலான, ஓசையற்ற பனி. ஒரு மரத்துறை, சாம்பல் வானம். நிறுவனத்தின் ஓவியர்கள் வரைந்ததுதான். ரெமிஜியுஸ் அதன்மேல் நான்கடி நடந்திருப்பான்.

பிறகு பனி நின்றுவிட்டது. வானம் தாழ்ந்து வந்தது. வந்து, சிறுசிறு சதுரக் கண்களாகப் பிரிந்தது. நெய்த வானம் அது. ஒவ்வொரு முடிச்சிலும் ஓர் ஒளிப்பொட்டு நின்றது. கடல் வெளிறிய நீலக் கோடுகளுடன் சுருங்கி விரிந்தது. துவைத்துத் துவைத்து நைந்த போர்வைபோல் அதன் அலைகள் விளிம்பில் மடிந்தன. அவற்றின்மேல் வேப்பிலைகள் மிதந்தன.

"இது எங்க படம் இல்ல," என்று மெதுவாகச் சொன்னாள் நஸ்ரின். "இதெல்லாம் எங்க இருந்து வருது?"

ஜெசிந்தா எழுந்து நின்றுவிட்டாள். செய்தி வந்ததற்குப் பின், அதே மாதத்தில், தம்பிக்கு அம்மை போட்டிருந்தது. பகலெல்லாம் கொசுவலைக்குள் வேப்பிலைகளின்மேல் படுத்திருப்பான். உள்ளே போகக் கூடாதென்று அம்மா அவளைத் தடுத்திருந்தாள். அவளோ வலைக்கு வெளியே முழந்தாளிட்டு அமர்ந்து, விரித்த உள்ளங்கையை வலையின்மேல் பதித்துவைப்பாள். அதுதான் திரை. திறக்காமற்போன துறையை அந்தக் கையில் திறந்து காட்டினாள். இருபது எழுத்துகளையும் சொல்லித் தொடங்குவாள். அவன் உள்ளேயிருந்து அவளுடைய சுட்டுவிரல் நுனியைத் தன் விரலால் அழுத்துவான். அதுதான் பொத்தான். அழுத்தினால் படகோட்டி பேசுவான்.

இவற்றை அவள் மறந்திருக்கவில்லை. அவன் நினைவில் வைத்திருப்பான் என்றுதான் எண்ணியதில்லை.

திரையில் படகோட்டி தலையை உயர்த்தினான். முகம் சதுரங்களாகச் சிதறித் தெரிந்தது, வலைக்கு அப்பாலிருந்து பார்ப்பதுபோல். துடுப்பைப் பற்றிய கை மட்டும் தெளிவாக இருந்தது. சிறிய கை. நடுவிரலில் மைக்கறை.

"இன்னைக்குக் கடல்..." என்றான் படகோட்டி.

அது ஒரு சிறுமியின் குரல். ஆண்பிள்ளைக் குரலாக்கத் தொண்டையை இறுக்கி, கீழே கீழே அமிழ்த்திப் பேசும் பதினொரு வயதுக் குரல். "கடல்" என்றபின் அது நின்றது. மூச்சை இழுத்தது.

"...சரியில்ல மக்கா. போய்ச் சாப்புட்டு வாங்க. படகு எங்கயும் ஓடிப் போவாது."

நாற்காலியில் சாய்ந்திருந்த ரெமிஜியுஸின் உதடுகள் விரிந்தன. படகோட்டி துடுப்பைத் திருப்பினான். திருப்பியவன், ஏதோ நினைவுக்கு வந்ததுபோல் மீண்டும் இவன் பக்கம் பார்த்தான்.

"முள்ளு பாத்துத் தின்னுங்க."

அந்த வாக்கியம் ஜெசிந்தாவிடம் இல்லை. எந்த ஆண்டில் உதிர்ந்ததென்றே தெரியாமல் உதிர்ந்துபோயிருந்தது. இப்போது அது அவளுக்குள் விழுந்த கணத்தில், சிறுமியின் குரலில் அன்று, இன்னும் செலவழியாமல் இருந்த தந்தையின் குரலில், திரையருகே குனிந்த தலையை அடுக்களைப் பக்கம் பாதி திருப்பியபடி, சாளைக் குழம்பின் மணத்துக்கு நடுவே, அவர் அதைச் சொன்னார்.

நஸ்ரின் அவளருகே வந்து தாழ்ந்த குரலில், "அம்மா, அந்தக் குரல்..." என்று தொடங்கினாள். ஜெசிந்தா தலையசைத்து அவளை நிறுத்தினாள்.

*

வெளியே வந்தபோது வெயில் உறைத்தது. சாலைக்கு அப்பால் கடல் தகதகத்தது. எதிரே இருந்த தேநீர்க் கடையின் நிழலில் இருவரும் அமர்ந்தார்கள். ரெமிஜியுஸின் முகம் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

"நீ கேட்டியாக்கா?"

"கேட்டேன்."

"எனக்குள்ளயும் இருந்திருக்கு பாரு. ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு இருந்தேன்." தேநீரை ஒரு வாய் குடித்தான். "கொரல்தான் நான் நெனச்ச மாதிரி இல்ல. கொஞ்சம் கீச்சுன்னு இருக்குல்லா? எஞ்சின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தித் தொண்ட அப்படி ஆயிருக்கும்."

ஜெசிந்தா தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட இரண்டே சொற்கள் போதும். அவன் இனி அறுபதிலும் எழுபதிலும் கண்ணை மூடிக் கேட்கப்போகும் குரல் எவருடையது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த நிறுத்தம் தந்தையுடையது. அந்த மூச்சு தந்தையுடையது. மீன் முள்ளைப் பற்றிய கவலையும் அவருடையதே. குரல் ஒன்றுதான் கைமாறியிருந்தது.

"இருக்கும்," என்றாள். "எஞ்சின் ரூம்ல அப்படித்தான் ஆகும்."

"முள்ளு பாத்துத் தின்னுங்கங்காரு. கப்பலுக்குப் போற மனுசன்."

"அத நான் மறந்தே போயிட்டேன்ல. நீதான் வச்சிருந்திருக்க."

அவன் பெருமையுடன் தலையாட்டினான். சற்று நேரம் கழித்து அவள் கேட்டாள்: "ஏல, ஒனக்கு அம்மை போட்டுக் கெடந்தியே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? தழும்பு இருக்கே." கழுத்தைத் தடவிக் காட்டினான்.

"வலைக்குள்ள போட்டு வச்சிருந்தாங்க."

"வலையா?" யோசித்தான். அவன் கண்கள் உட்பக்கமாகத் தேடின. தேடிய இடத்தில் எதையோ கண்டு மலர்ந்தன. ஆனால் அது அவள் கேட்டதன்று. "வலைன்னதும் அந்த வானந்தான் வருது. எவ்வளவு தாழ வந்துச்சு பாத்தியா? வேற ஒண்ணும் வரல."

"பக்கத்துல யாரு இருந்தா?"

"தெரியலியே. அம்மா இருந்திருப்பா."

படிவத்தின் பதினொன்றாவது கூற்று சொன்னது பொய்யன்று. போனது தந்தையின் குரல் அன்று. அது அவனிடம் என்றுமே இருந்ததில்லை. வலைக்கு வெளியே முழந்தாளிட்டு அமர்ந்திருந்த ஒரு சிறுமி அவனிடம் இருந்தாள். இன்று காலைவரை, அவனுக்கே தெரியாமல், நாற்பத்தாறு ஆண்டுகள் கையை விரித்தபடி இருந்தாள். அவளை அங்கேயே இறக்கிவிட்டுப் படகு வந்து சேர்ந்திருந்தது.

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதிற்று. அவன் மணியைப் பார்த்தான்; மாலைப் பணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

"யக்கா."

"என்னல?"

"அந்தப் படகு எங்க போகும்? அக்கரையில என்ன இருக்கு? நாம போகவே இல்லியே."

"நாமளா? எத்தன தடவ போயிருக்கோம்."

"எப்ப?"

ஜெசிந்தா கோப்பையைப் பெஞ்சின்மேல் வைத்தாள். வலக்கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்து, அவன் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினாள். ஐம்பத்தேழு வயதுக் கை; ஆய்வுக்கூடத்து உப்பினால் ரேகைகள் வெளுத்திருந்தன. தேநீர்க் கடைக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார்.

"என்னக்கா இது?"

"சும்மா பாரு." அவள் தொடங்கினாள். "நத்தை, முழங்கை, நத்தை, தூண்டில், கவுந்த கிண்ணம், முழங்கை, ரெட்டப் பாம்பு, நத்தை." ஒன்பதாவதில் ஒரு கணம் நிறுத்தினாள். "குளிச்ச தூண்டில்."

இருபதும் முடியும்வரை அவன் சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் அவள் கையை இறக்காமல் காத்திருந்தாள். எதற்காகக் காத்திருக்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. அவன் முகத்தில் அந்தக் கையைப் பற்றிய நினைவின் சாயல் ஒன்றும் இல்லை.

ஆனால் நெம்புகோல்களைப் பற்றிப் பற்றிக் காய்த்துப்போன அவனுடைய வலக்கை மெதுவாக எழுந்தது. எழுந்து, நேராகச் சென்று, அவளுடைய சுட்டுவிரலின் நுனியை ஒருமுறை அழுத்தியது.

அவன் தன் கையையே வியப்போடு பார்த்தான்.

"இன்னைக்குக் கடல்..." என்றாள் ஜெசிந்தா, தொண்டையை இறுக்காமல், தன் சொந்தக் குரலில். மூச்சை இழுத்தாள். "நல்லா இருக்கு மக்கா. ஏறி உக்காரு."